பைனாகுலர் யார் கையில்? பொழுதுபோக்கு ஆவணப்படங்களும் பிரதிநிதித்துவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்ப்பது, குறுக்கெழுத்துப் போடுவது, பழைய வீடியோ கேம் ஆடுவது, ரூபிக் கனசதுரத்தைச் சுழற்றுவது என்று ஒரு சின்ன உலகத்துக்குள் மூழ்கிக் கிடப்பவர்களைப் பற்றிய ஆவணப்படங்களுக்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு. அந்தப் படங்களில் யார் தெரிகிறார்கள், யார் விடுபடுகிறார்கள் என்று பேச்செடுத்தால் சில கேள்விகள் தவறாமல் வரும். அவற்றுக்கு என் பதில்கள் இவை. பறவை ஆர்வலர்களை வைத்தே அதிகம் பேசியிருக்கிறேன். எனக்கு ஓரளவு பழக்கமான உலகம் அது.

பறவையையும் அதைப் பார்க்கிறவரையும் காட்டினால் போதாதா? இதில் நிறம், சாதி, பாலினம் எல்லாம் எங்கே வந்தது?

யார் பார்த்தாலும் பறவை ஒன்றுதான். ஆனால் பார்க்கப் போகிறவர் விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு, யாரையோ வேவு பார்ப்பதுபோல ஒரு புதரையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி நின்றால் ஒருவரை யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். இன்னொருவரை 'இங்கே என்ன வேலை?' என்று கேட்பார்கள். மூன்றாமவர் பெண்ணாக இருந்தால் அந்த நேரத்தில் அங்கே போவதற்கே நாலு தடவை யோசிப்பார்.

அமெரிக்காவின் தென் கரோலைனாவில் பேராசிரியராக இருக்கும் ட்ரூ லான்ஹம் என்ற கறுப்பினப் பறவையியலாளர், 2013-இல் 'கறுப்பினப் பறவை நோக்கருக்கு ஒன்பது விதிகள்' என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். எப்போதும் பைனாகுலருடன் மூன்று அடையாள அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள் என்பது அதில் ஒரு விதி. தலையை மூடும் ஹூடி போட்டுக்கொண்டு பறவை பார்க்கப் போகவே போகாதீர்கள் என்பது இன்னொன்று. நகைச்சுவையாக எழுதியதுதான். படித்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். பறவை பார்ப்பதைப் பற்றிய படம் இதைத் தொடாமல் போனால் அந்தப் பொழுதுபோக்கின் அன்றாடத்தில் ஒரு பகுதி படத்தில் இல்லை என்றே அர்த்தம்.

சரி, ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

'பேர்டர்ஸ்: தி சென்ட்ரல் பார்க் எஃபெக்ட்'. ஜெஃப்ரி கிம்பல் இயக்கியது. 2012-இல் வந்தது, ஒரு மணி நேரப் படம். நியூயார்க்கின் நடுவே சென்ட்ரல் பார்க் என்ற பூங்கா, 843 ஏக்கர் பசுமை. வலசை போகும் பறவைகளுக்கு வானத்திலிருந்து பார்த்தால் சுற்றிலும் கட்டடக் காடு, நடுவில் இறங்குவதற்கு ஏற்ற பசுமையான இடம் இது. அதனால் இங்கே வந்து குவிகின்றன. பறவைகள் குவிவதால் அவற்றைப் பார்ப்பவர்களும் குவிகிறார்கள். படம் நான்கு பருவங்களிலும் அவர்கள் பின்னால் போகிறது.

அதில் வருகிறவர்களில் மூவரைச் சொல்கிறேன். ஸ்டார் சஃபிர்: பல ஆண்டுகளாக அந்தப் பூங்காவில் பறவை நடை நடத்தி, எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தவர். படம் எடுக்கும்போதே அவருக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது, 2013-இல் காலமானார். ஜொனாதன் ஃபிரான்ஸன்: புகழ்பெற்ற நாவலாசிரியர். மூன்றாமவர் கிறிஸ்டியன் கூப்பர்: மார்வெல் காமிக்ஸில் ஆசிரியராக இருந்தவர், கறுப்பினத்தவர், தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை வெளிப்படையாகச் சொல்பவர். பறவை பார்ப்பதில் ஏழு இன்பங்கள் உண்டு என்று படத்தில் பட்டியல் போடுகிறார்.

எட்டு ஆண்டு கழித்து, 2020 மே 25 அன்று, அதே பூங்காவில், ராம்பிள் என்ற பகுதியில், நாயைக் கயிற்றில் கட்டச் சொல்லி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் கூப்பர் கேட்டார். அங்கே கயிறு கட்டாயம். நாய் ஓடினால் தரையில் மேயும் பறவைகள் கலைந்துவிடும். அந்தப் பெண் போலீஸை அழைத்து, ஒரு கறுப்பினத்தவர் தன்னை மிரட்டுவதாகச் சொன்னார். கூப்பர் எடுத்த வீடியோவை உலகமே பார்த்தது. ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் மினியாபொலிஸில் போலீஸாரால் கொல்லப்பட்டதும் அதே நாளில்தான்.

அப்படியானால் அந்தப் படம் கூப்பரிடம் நிறவெறியைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டாமா?

இதில்தான் வாக்குவாதம் வரும். என் நிலைப்பாடு இது: கூப்பரைப் பறவையைப் பற்றிப் பேசவிட்டது அந்தப் படத்தின் பலம். அந்த ஏழு இன்பங்களையும் சொல்லும் உரிமையை, பூங்காவுக்கு வரும் யாருக்கும் சமமாக, அவருக்குக் கொடுத்திருக்கிறது. சிறுபான்மையைச் சேர்ந்த ஒருவரை உட்காரவைத்து, அவர் முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த அறிவையெல்லாம் விட்டுவிட்டு 'உங்களுக்கு இங்கே கஷ்டமாக இல்லையா?' என்று மட்டும் கேட்கும் படங்கள் ஏராளம். அது அவரைச் சேர்த்துக்கொள்வதுபோலத் தெரியும், உண்மையில் சாட்சிக்கூண்டில் ஏற்றுவதுதான்.

ஆனால் கேள்வியை அவரிடம்தான் கேட்க வேண்டும் என்று யார் சொன்னது? 'இங்கே யாராவது உங்களை நிறுத்தி விசாரித்திருக்கிறார்களா?' என்று எல்லோரிடமும் கேட்கலாமே. வெள்ளைக்கார முதியவர் இல்லையென்று தலையாட்டுவார். பதில் வேறாக வரும் முகங்கள் எவை என்பதை அடுத்தடுத்து வைத்தாலே போதும், பின்னணிக் குரல்கூட வேண்டாம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஏதாவது மாறியதா?

ஒரே வாரத்துக்குள் இளம் கறுப்பின அறிவியலாளர்கள் சிலர் சேர்ந்து 'பிளாக் பேர்டர்ஸ் வீக்' என்று ஒரு வாரத்தைத் தொடங்கினார்கள். உலகெங்கும் கறுப்பினப் பறவை நோக்கர்கள் தங்கள் படங்களைப் போட்டார்கள். 'எங்களில் யாரும் இல்லை என்று நினைத்தோம்' என்று இருந்தவர்களுக்கு ஒரு கூட்டமே இருப்பது தெரிந்தது. அதே ஆண்டு, அடிமைமுறைக்காகப் போரிட்ட தளபதி ஒருவரின் பெயரைச் சுமந்திருந்த லாங்ஸ்பர் பறவைக்கு அமெரிக்கப் பறவையியல் சங்கம் வேறு பெயர் வைத்தது. மனிதர் பெயர் கொண்ட மற்றப் பறவைகளுக்கும் பெயர் மாற்றப்போவதாக 2023-இல் அறிவித்தது. கூப்பருக்கோ நேஷனல் ஜியோகிராஃபிக்கில் சொந்தமாக ஒரு பறவைத் தொடர் கிடைத்தது. பேட்டி கொடுப்பவராக இருந்தவர் தொகுத்து வழங்குபவராகிவிட்டார். என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் இந்தக் கடைசிச் செய்திதான்.

'அந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களே பெரும்பாலும் ஒரே மாதிரி ஆட்கள்தான். இயக்குநர் என்ன செய்வார்?' என்று சொல்கிறார்களே?

பாதி உண்மை. மீதிப் பாதி, நீங்கள் கேமராவை எங்கே கொண்டுபோய் நிறுத்தினீர்கள் என்பதில் இருக்கிறது.

அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. அதில் பறவை நோக்கர் என்றால் யார்? பறவை பார்ப்பதற்கென்றே வீட்டிலிருந்து ஒரு மைலாவது போனவர், அல்லது வீட்டைச் சுற்றி வரும் பறவைகளைக் கூர்ந்து கவனித்தவர், அடையாளம் காண முயன்றவர். 2016 கணக்கில் இப்படி சுமார் 4.5 கோடிப் பேர். அவர்களில் வெளியே போய்ப் பார்த்தவர்கள் ஏறக்குறைய 1.6 கோடி. வீட்டருகே பார்த்தவர்களோ 3.9 கோடிக்குப் பக்கம். இரண்டையும் செய்பவர்கள் இரு பக்கமும் எண்ணப்பட்டிருக்கிறார்கள், அதனால் கூட்டினால் அதிகம் வரும்.

இப்போது யோசியுங்கள். இந்த உலகத்தில் பெரும்பான்மை சமையலறை ஜன்னலில் நிற்கிறது. கேமராவோ பூங்காவிலும் சதுப்பு நிலத்திலும் நிற்கிறது. இரவுப் பணி முடித்து வந்து பால்கனியில் நிற்பவர், கைக்குழந்தையை விட்டு நகர முடியாதவர், பூங்காவுக்குப் போக அஞ்சுபவர், முழங்கால் வலிக்காரர் எல்லோரும் அந்த ஜன்னல் பக்கம்தான். படத்தில் யார் வருவார்கள் என்பது எடிட்டிங் மேசையில் முடிவாவதில்லை. முதல் நாள் வண்டி எந்த இடத்துக்குக் கிளம்பியது என்பதிலேயே பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

போட்டியைச் சுற்றி எடுத்த படங்கள்? அங்கே ஜெயிப்பவரைத்தானே காட்ட முடியும்?

போட்டி இயக்குநருக்குக் கிடைக்கும் இலவசத் திரைக்கதை. தொடக்கம், பதற்றம், முடிவு எல்லாம் அதுவே கொடுத்துவிடும். அதற்கு விலையாக, முதல் மேசையில் யார் இருக்கிறார்களோ அவர்களே அந்தப் பொழுதுபோக்கின் முகமாகிவிடுகிறார்கள்.

'வேர்ட்பிளே' (2006) அமெரிக்கக் குறுக்கெழுத்துப் போட்டியைப் பற்றியது. 2005 இறுதிச் சுற்றில் மேடையேறிய மூவரும் ஆண்கள். ஆனால் 2001-இல் அதே போட்டியை வென்ற எலன் ரிப்ஸ்டைனையும் படம் பின்தொடர்கிறது. அந்த வெற்றிக்கு முன் பல ஆண்டுகள் முன்வரிசையில் வந்தும் கோப்பை கைக்கு எட்டாமல் போனவர் அவர். அந்த விடாப்பிடியே ஒரு தனிக் கதை. இறுதிச் சுற்றுக்கு வெளியேயும் ஆளைத் தேடலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

'தி கிங் ஆஃப் காங்' (2007) வேறு வழி. டாங்கி காங் என்ற பழைய வீடியோ கேமில் யார் உலக சாதனையாளர் என்று இரண்டு ஆண்கள் மோதிக்கொள்ளும் கதை. விறுவிறுப்பான படம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் ஓரத்தில் டோரிஸ் செல்ஃப் என்ற பெண்மணி வந்துபோகிறார். 1984-இல், 58 வயதில், கியூபர்ட் என்ற ஆர்கேட் விளையாட்டில் சாதனை படைத்தவர். படத்தில் அவருக்கு எண்பதை நெருங்கும் வயது, மறுபடியும் சாதனைக்கு முயல்கிறார். எனக்கு அந்த இரண்டு ஆண்களின் சண்டையைவிட இந்த அம்மாவின் கதை வேண்டும் என்று தோன்றியது. மோதல் இல்லாத கதை என்பதால் ஓரத்திலேயே நின்றுவிட்டார்.

பிரதிநிதித்துவத்தைச் சரியாகச் செய்த படம் என்று எதைச் சொல்வீர்கள்?

'ஸ்பெல்பவுண்ட்' (2002). ஜெஃப்ரி பிளிட்ஸ் இயக்கியது, ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 1999 அமெரிக்க தேசிய ஸ்பெல்லிங் போட்டிக்கு வந்த குழந்தைகளில் எட்டுப் பேரின் வீட்டுக்குப் போகிறது. ஆங்கிலம் தெரியாத மெக்சிகோ அப்பாவின் மகள், வாஷிங்டனில் தாயுடன் வளரும் கறுப்பினச் சிறுமி, வசதியான கலிஃபோர்னியா வீட்டு இந்தியச் சிறுவன் என்று ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி. அந்தச் சிறுவனுக்காக இந்தியாவில் தாத்தா ஆயிரம் பேரைப் பிரார்த்தனை செய்யவைக்கிறார். நம் ஆட்கள் யாரும் அந்தக் காட்சியில் சிரிக்காமல் இருந்ததில்லை. வென்றவர் நூபுர் லாலா. படத்தில் பணம், மொழி, வாய்ப்பு எல்லாமே தெரிகின்றன, ஆனால் ஒருவர்கூட வாய்விட்டு அதை விளக்குவதில்லை. ஒரே சொல்லுக்கு ஒருவர் தனி ஆசிரியர்களோடு தயாராகிறார், இன்னொருவர் தனியாக. அவ்வளவுதான் காட்டுகிறார்கள்.

அதற்கடுத்த இருபது ஆண்டில் இந்தப் போட்டியில் இந்திய வம்சாவளிக் குழந்தைகளின் கை ஓங்கியது. 2019-இல் எட்டுப் பேர் சேர்ந்து வென்றார்கள், அதில் ஏழு பேர் இந்திய வம்சாவளி. 2020-இல் 'ஸ்பெல்லிங் தி ட்ரீம்' என்ற ஆவணப்படம் அந்தக் கதையை மட்டும் எடுத்துச் சொன்னது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 'இந்தியக் குழந்தைகள்' என்று திரையில் வந்ததும் பிரதிநிதித்துவம் கிடைத்துவிட்டதாக நாம் மகிழ்கிறோம். அந்த இந்தியர்களில் யார்? பெரும்பாலும் படித்துப் பட்டம் பெற்று, வேலை விசாவில் போன பெற்றோரின் பிள்ளைகள். வார இறுதியில் பயிற்சிப் போட்டிகளுக்கு அழைத்துப்போக வண்டியும் நேரமும் உள்ள வீடுகள். மோட்டலிலும் டாக்சியிலும் வேலை பார்க்கும் இந்தியரின் குழந்தை அந்தச் சட்டகத்துக்குள் அரிது. இன அடையாளத்துக்கு உள்ளே வர்க்கம் ஒளிந்துகொள்ளும்.

பறவை உலகிலும் அதே கதைதான். எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பறவை இனங்களைப் பார்த்த முதல் மனிதர் ஒரு பெண், ஃபீபி ஸ்னெட்சிங்கர். நான்கு குழந்தைகளின் தாய். புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன பிறகு உலகம் சுற்றக் கிளம்பியவர். பெண்ணின் சாதனை என்று பெருமையாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். கூடவே அவர் லியோ பர்னெட் என்ற பெரும் விளம்பர நிறுவன அதிபரின் மகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பப்புவா நியூ கினிக்கு விமானம் ஏறக் காசு வேண்டுமே.

ஒருவரைச் சேர்த்தால் போதுமா, எத்தனை பேர் வேண்டும்?

எண்ணிக்கை கேட்பவர்கள் பெரும்பாலும் எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் கேட்கிறார்கள். ஒருவர் மட்டும் என்றால் அவர் தன் கூட்டம் முழுவதற்கும் பேச வேண்டிவரும். இருவர் இருந்தால் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு வரும், அப்போதுதான் இருவரும் மனிதர்களாகத் தெரிவார்கள்.

மாற்றுத்திறனாளிகளைக் காட்டும்போது கவனிக்க வேண்டியது?

'தி ஸ்பீட் க்யூபர்ஸ்' (2020) பாருங்கள், நாற்பது நிமிடம்தான். ஆட்டிசம் உள்ள மேக்ஸ் பார்க், ரூபிக் கனசதுரத்தில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். அவரைத் திரை பரிதாபமாகப் பார்ப்பதில்லை. அவருக்கும் போட்டியாளர் ஃபெலிக்ஸ் செம்டெக்ஸுக்கும் இடையிலுள்ள நட்பு படத்தைத் தூக்கி நிறுத்துகிறது. பறவை பார்ப்பதில் டெக்சாஸைச் சேர்ந்த வர்ஜீனியா ரோஸ் 'பேர்டபிலிட்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார். சக்கர நாற்காலியில் இருப்பவர். அந்த அமைப்பு பார்ப்பது மிக எளிய விஷயங்கள்: பாதை சரளைக்கல்லா, சரிவு எவ்வளவு, கழிப்பறை எங்கே, நடுவில் உட்கார பெஞ்சு உண்டா. 'அவருடைய மன உறுதி' என்று இசை போடுவதற்கு முன்னால் அந்தச் சரிவைப் படம் எடுங்கள்.

தமிழ்நாட்டில் பறவை ஆர்வலர்களைப் பற்றிப் படம் எடுத்தால்?

எளிதாகக் கிடைப்பவர்கள் யார் என்று முதலில் பார்ப்போம். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்து, பட்டியலை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அருமையான முயற்சி, பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர்கள் என்று நிறைய பேரை இழுத்து வந்திருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்து ஆட்களைத் தேடினால் ஸ்மார்ட்போனும் பைனாகுலரும் வைத்திருப்பவர்கள் கிடைப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டால் போதும், ஆறு பேர் பேட்டிக்குத் தயார். படம் முடிந்தது என்று நினைத்துவிடுவீர்கள்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போங்கள். பக்கத்திலுள்ள கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் மிரளக்கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கலில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடக்கூடாது என்று ஆங்கிலேய ஆட்சியரிடம் ஊரார் எழுதி வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. இவர்கள் 'பறவை ஆர்வலர்கள்' இல்லையா? பொழுதுபோக்காகச் செய்யவில்லை என்பதால் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். பொழுதும் போக்கும் உள்ளவர்களுக்குத்தான் பொழுதுபோக்கு என்ற பெயரே கிடைக்கிறது.

இன்னும் சிக்கலானது நரிக்குறவர்களின் அறிவு. கௌதாரி எங்கே உட்காரும், எந்தக் குரலுக்குத் திரும்பும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு பைனாகுலர்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வேட்டையாடியவரின் அறிவை இந்தியப் பறவையியல் பயன்படுத்தியிருக்கிறது. பீகாரின் மிர்ஷிகார் என்ற பறவை பிடிக்கும் சமூகத்தைச் சேர்ந்த அலி ஹுசைன், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளின் காலில் அடையாள வளையமிடும் பணிகளில் பல ஆண்டுகள் வேலை செய்தார். பறவைக்குக் காயம் படாமல் பிடிப்பதில் அவர் கை தனி. அந்த ஆய்வுகளால் புகழ்பெற்றவர்களின் பெயர்களோடு அவர் பெயரையும் எத்தனை பேர் சொல்கிறார்கள்?

ஆனால் நரிக்குறவர் ஒருவரைக் கேமரா முன் உட்காரவைத்து 'எப்படிப் பிடிப்பீர்கள்?' என்று கேட்டுவிடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கௌதாரி பிடிப்பது குற்றம். அவர் வெள்ளந்தியாகச் சொல்வது உங்களுக்கு நல்ல காட்சி, அவருக்கு வழக்கு. கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவம் உங்களைத்தான் காப்பாற்றும், அவரை இல்லை. குரலையும் நடத்தையையும் பற்றிக் கேளுங்கள், அதுவே பெரிய புதையல்.

சப்டைட்டில் போடுவதிலுமா பிரச்சினை?

ஆமாம். சென்னைக்காரரின் ஆங்கிலம் கலந்த தமிழை அப்படியே விட்டுவிட்டு, தமிழ் தெரிந்த பார்வையாளருக்கே வட்டார வழக்குக்கு மட்டும் எழுத்து போடும் பழக்கம் இருக்கிறது. 'இவர் பேசுவது உங்களுக்குப் புரியாது' என்று படம் முடிவு செய்துவிட்டது. போட்டால் எல்லோருக்கும் போடுங்கள். காது கேளாதவர்களுக்கும் உதவும்.

பேட்டி கொடுப்பவருக்குப் பணம் தரலாமா?

தினக்கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு அன்றைய கூலியைத் தருவதில் தவறில்லை. என்ன பேச வேண்டும் என்று சொல்லிப் பணம் கொடுத்தால்தான் அது வேறு கதை.

பாதிப் படம் எடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்ய முடியும்?

எடுத்ததை மறுபடி ஓட்டிப் பாருங்கள். யாரிடம் எந்தக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஆணிடம் இறகின் நிறமும் அலகின் வளைவும் கேட்டிருப்பீர்கள், பெண்ணிடம் 'வீட்டையும் இதையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?' அவர் கணவரிடம் அதைக் கேட்டிருக்கமாட்டீர்கள். ஆர்வலரின் மனைவி ஒரு காட்சியில் வந்து, 'இவர் எப்பவும் இப்படித்தான்' என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார். திரும்பப் போங்கள், கேள்விகளை மாற்றிக் கேளுங்கள். காலை ஐந்து மணிக்கு அவர் கிளம்பியதும் பிள்ளைகளை யார் எழுப்பினார்கள் என்று அந்த ஆணிடம் கேளுங்கள்.

அப்புறம், படப்பிடிப்புக்கு ஒன்றிரண்டு நாள் மீதமிருந்தால், இதுவரை பேசிய எல்லோரிடமும் ஒரே கேள்வி: 'உங்களுக்குப் பெயர் தெரியாத பறவை வந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?' பாதிப் பேர் செயலியைச் சொல்வார்கள். மீதிப் பேர் சொல்லும் பெயர்களில் சில எந்த வாட்ஸ்அப் குழுவிலும் இருக்காது: ஏரிக் காவலர், ஆடு மேய்ப்பவர், வலை போடும் மீனவர், யாரோ ஒரு பாட்டி. மீதமுள்ள நாட்களை அவர்களுக்குக் கொடுங்கள்.